மழைப் புத்தகத்திலிருந்து வரைபடம்: கட்டளை எழுதிப் படம் வரைவது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மழைக் கணக்கு எழுதும் வழக்கம் பால்மரக் (ரப்பர் மரக்) காலத்திலிருந்தே உண்டு. விடிவதற்கு முன் மழை பிடித்து மரப்பட்டை நனைந்துவிட்டால் அன்று பால் வெட்டு இல்லை. அதனால் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பது நேரே கூலியோடு சம்பந்தப்பட்ட செய்தி. இப்போது பெரும்பாலான இடங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனாலும் அலுவலகத்துக்கு முன்னால் மழைமானி நிற்கிறது, கிராணி (தோட்ட அலுவலக எழுத்தர்) காலையில் போய்ப் பார்த்து நீளப் புத்தகத்தில் ஓர் எண்ணை எழுதுகிறார்.

இந்த எண்களை வைத்து ஆய்வுத் திட்டம் செய்ய வேண்டும் என்று படிவம் ஆறு (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) மாணவர்கள் அவ்வப்போது என்னிடம் வருகிறார்கள். புத்தகத்தைக் கணினியில் ஏற்றுகிறார்கள், எக்செல்லில் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்துச் சுட்டியால் நாலு முறை சொடுக்குகிறார்கள், படம் வந்துவிடுகிறது. ஒரு படத்துக்கு இது போதும். ஆனால் தோட்டத்தில் மூன்று டிவிஷன் (பிரிவு), கையில் மூன்று வருடக் கணக்கு, மாதத்துக்கு ஒரு படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 108 படங்கள். அத்தனையையும் சொடுக்கி முடித்த பிறகு, "எழுத்து சின்னதாக இருக்கிறது, பெரிதாக்கிக் கொண்டு வா" என்று ஆசிரியர் சொன்னால்? மறுபடியும் 108 முறை. பாதி வழியில் கை சலித்து, முப்பதாவது படத்தில் எழுத்து ஒரு அளவு, எழுபதாவது படத்தில் வேறு அளவு என்று ஆகிவிடும்.

இதற்குத் தீர்வு ஒன்றுதான். படத்தைச் சுட்டியால் வரைவதை விட்டுவிட்டு, அது எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு கோப்பில் வரி வரியாக எழுதி வைப்பது. மென்பொருள் அந்தக் கோப்பைப் படித்துப் படத்தை வரையும். இப்படி எழுதி வைக்கும் கோப்பைத்தான் ஸ்கிரிப்ட் என்கிறோம்; இங்கே கட்டளைக் கோப்பு என்று சொல்கிறேன். எழுத்தைப் பெரிதாக்க வேண்டுமா? ஒரு வரியில் ஓர் எண்ணை மாற்றி மறுபடி ஓட்டினால் 108 படமும் புதிதாக வந்துவிடும்.

நேரம் மிச்சமாவது இதில் பாதிப் பயன்தான். சுட்டியால் வரைந்த படத்தைப் பார்த்து, "இதில் எந்த நாள்களை விட்டாய், எந்த எண்ணை எதால் வகுத்தாய்?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆதாரம் எதுவும் இருக்காது. கட்டளைக் கோப்பு இருந்தால் பதில் அதிலேயே இருக்கும். வரைந்தவர் மறந்துபோனாலும் கோப்பு மறக்காது. அறிவியல் வரைபடத்துக்கு இதைவிட முக்கியமான தகுதி இல்லை என்பது என் கருத்து.

கருவிகள் பல உண்டு. பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு மேட்பிளாட்லிப்; நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஹண்டர் தம் ஆய்வுக்காக எழுதத் தொடங்கி 2003-இல் வெளியிட்டது. புள்ளியியல் படிப்பவர்கள் ஆர் மொழியில் ஜிஜிபிளாட்-2 என்ற தொகுப்பைப் பயன்படுத்துவார்கள். காசு கொடுத்து வாங்கும் ஆரிஜின் பல பல்கலைக்கழக ஆய்வகங்களில் இருக்கிறது. முதன்முதலாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லித் தருவது க்னூபிளாட். தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி என்ற இருவர் 1986-இல் தொடங்கியது அது. பெயரில் க்னூ இருந்தாலும் க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்கும் அதற்கும் உறவில்லை. இலவசம், அளவில் சிறியது, பழைய மடிக்கணினியிலும் ஓடும். ஒரு முறை நிறுவிவிட்டால் இணையமே வேண்டாம். லைன் வந்து வந்து போகும் தோட்டப்புறத்து வீடுகளுக்கு இது பெரிய வசதி. எல்லாவற்றுக்கும் மேலாக, நிரல் எழுதத் தெரியாதவர்கூட முதல் நாளே ஒரு படம் வரைந்துவிடலாம்.

நாலு வரியில் ஒரு படம்

தட்டச்சு செய்யும்போது கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். படிக்க வசதியாக இருக்கட்டும் என்று இங்கே அவற்றின் உச்சரிப்பைத் தமிழில் போடுகிறேன்.

செட் டெர்மினல் பிஎன்ஜிகெய்ரோ சைஸ் 1200,700
செட் அவுட்புட் 'மழை-2024-03.பிஎன்ஜி'
செட் ஒய்ரேஞ்ச் [0:150]
பிளாட் 'மழை-2024-03.சிஎஸ்வி' யூசிங் 1:2 வித் பாக்சஸ்

முதல் வரி, படம் எந்த வடிவத்தில் வேண்டும் என்று சொல்கிறது. க்னூபிளாட்டில் டெர்மினல் என்றால் படம் போய்ச் சேரும் இடம். திரையாகவும் இருக்கலாம், பிஎன்ஜி என்ற படக் கோப்பாகவும் இருக்கலாம், பிடிஎஃப் ஆகவும் இருக்கலாம். இரண்டாவது வரி கோப்பின் பெயர். மூன்றாவது, நிலைக்குத்து அச்சு 0-இல் தொடங்கி 150-இல் முடிய வேண்டும் என்பது. நான்காவதுதான் வரையும் கட்டளை: இந்தக் கோப்பை எடு, முதல் நெடுவரிசையைக் கிடை அச்சில் வை, இரண்டாவதை நிலைக்குத்து அச்சில் வை, பட்டையாக வரை.

இதற்கு மேல் சேர்ப்பவை எல்லாம் இதே பாணிதான். தலைப்புக்கு ஒரு வரி, அச்சுகளின் பெயருக்கு ஒவ்வொரு வரி, பட்டையின் அகலத்துக்கு ஒரு வரி. தரவு இருக்கும் சிஎஸ்வி என்ற எளிய உரைக் கோப்பில் நெடுவரிசைகளைப் பிரிப்பது காற்புள்ளி என்பதையும், முதல் நெடுவரிசை தேதி என்பதையும், அந்தத் தேதி நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடைசியாகச் சொன்னது முக்கியம். 05/03 என்பது நமக்கு மார்ச் ஐந்து, வேறு நாட்டு அமைப்பில் இருக்கும் கணினிக்கு மே மூன்று. எக்செல் தானாக ஊகித்துக்கொள்ளும், பல நேரம் ஊகம் சரியாகவே இருக்கும். க்னூபிளாட் ஊகிக்காது, நீங்கள் சொன்ன வரிசையிலேயே படிக்கும். அதுதான் நல்லது.

ஏன் பட்டை, ஏன் கோடு இல்லை என்றும் யோசித்துப் பார்க்க வேண்டும். மழை என்பது ஒரு நாளில் சேர்ந்த அளவு. திங்கள் 40 மில்லிமீட்டர், செவ்வாய் 0 என்றால் இரண்டையும் கோட்டால் இணைக்கும்போது, நடுவில் எங்கோ 20 மில்லிமீட்டர் பெய்தது போலக் கண்ணுக்குத் தெரியும். அப்படி ஒரு மழை பெய்யவே இல்லை. ஆற்று நீர்மட்டம், வெப்பநிலை போன்றவை நிற்காமல் மாறிக்கொண்டே இருப்பவை. அவற்றுக்குக் கோடு பொருத்தம். மென்பொருள் நீங்கள் கேட்டதைத் தயங்காமல் வரைந்து கொடுத்துவிடும். எது பொருந்தும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

தானியங்கி முறையில் வரையும்போது எந்தப் படத்தையும் நாம் உற்றுப் பார்ப்பதில்லை. அதனால் தரவில் உள்ள குறை 108 படத்திலும் பரவிவிடும். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகலாம்.

ஒரு மாணவி வாரத்தின் கிழமைவாரியாகச் சராசரி மழையை வரைந்தாள். திங்கட்கிழமைப் பட்டை மட்டும் மற்றவற்றைவிட வெகு உயரம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பட்டையே இல்லை. வானத்துக்குக் கிழமை தெரியாது என்பதால் இதில் ஏதோ இருக்கிறது என்று அவளே கிராணியைப் போய்க் கேட்டாள்.

"ஐயா, திங்கக்கிழமை மட்டும் ஏன் மழை இவ்வளவு கூடுதலா இருக்கு?"

"ஞாயித்துக்கிழமை ஆபீஸ் பூட்டித்தானே கிடக்கும்மா. திங்கக் காலையில பார்க்கும்போது ரெண்டு நாள் தண்ணியும் சேர்ந்துதான் இருக்கும். நான் அப்படியே எழுதிடுவேன்."

அவர் செய்ததில் தவறே இல்லை. மானியில் இருந்ததை இருந்தபடி எழுதியிருக்கிறார். ஆனால் இது தெரியாமல் "திங்கட்கிழமைகளில் கனமழை" என்று அறிக்கை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூல எண்களை இதற்காகத் திருத்தக் கூடாது. ஒரு தேதி வாரத்தின் எந்தக் கிழமை என்று சொல்லும் வசதி க்னூபிளாட்டிலேயே இருக்கிறது. அதை வைத்துத் திங்கட்கிழமைப் பட்டைகளை மட்டும் வெளிர் நிறத்தில் வரையச் சொல்லி, "இரண்டு நாள் அளவு" என்று குறிவிளக்கத்தில் எழுதிவிட்டோம்.

இன்னொன்று, சுழியும் வெற்றிடமும். புத்தகத்தில் சில நாள் "0" என்று இருக்கும், சில நாள் ஒன்றுமே எழுதியிருக்காது. முதலாவது, பார்த்தார், மழை இல்லை. இரண்டாவது, யாரும் பார்க்கவில்லை. பட்டை வரைபடத்தில் இரண்டுமே வெறும் இடமாகத்தான் தெரியும். மூன்று வாரம் கிராணி விடுப்பில் போயிருந்தால் அந்த மாதம் வறட்சி மாதமாகக் காட்சி தரும். எனவே வெற்றிடங்களில் "என்ஏ" என்பது போல ஒரு குறியைப் போட்டுவிட்டு, க்னூபிளாட்டிடம் "இந்தக் குறி வந்தால் தரவு இல்லை என்று அர்த்தம்" என்று ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். அதோடு நின்றுவிடாமல், அந்த நாள்களுக்கு அச்சின் அடியில் சின்னதாகச் சாம்பல் நிறத்தில் ஒரு பெருக்கல் குறி வரையச் சொல்லுங்கள். படத்தைப் பார்ப்பவருக்கு எது வறண்ட நாள், எது அளக்காத நாள் என்று உடனே தெரியும்.

தேதியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. காலை எட்டு மணிக்கு மானியைப் பார்த்தால், அதில் இருப்பது முந்தின நாள் காலை எட்டிலிருந்து சேர்ந்த தண்ணீர். நம் பக்கம் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் கொட்டும். ஆக, ஆறாம் தேதி என்று எழுதியிருப்பது பெரும்பாலும் ஐந்தாம் தேதி மழை. இதை ஆற்று நீர்மட்டத்தோடு ஒப்பிட வேண்டுமானால் ஒரு நாள் பின்னுக்குத் தள்ள வேண்டும். க்னூபிளாட் உள்ளுக்குள் நேரத்தை விநாடியாக வைத்துக்கொள்கிறது. யூசிங் என்ற இடத்தில் முதல் நெடுவரிசையிலிருந்து 86,400-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு நாள் நகர்ந்துவிடும். தரவுக் கோப்பில் கை வைக்கவே வேண்டாம். வரையும் நேரத்தில் கணக்குப் போட்டுக்கொள்ளும் இந்த வசதிதான் க்னூபிளாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது. மில்லிமீட்டரை அங்குலமாக்குவது, கிலோவை டன்னாக்குவது, இரண்டு நெடுவரிசைகளைக் கூட்டுவது எல்லாம் இப்படியே.

ஒன்றை நூறாக்குவது

ஒரு மாதத்துக்குக் கட்டளைக் கோப்பு சரியாக ஓடுகிறது. சரி, மற்ற மாதங்களுக்கு? கோப்பை 108 முறை பிரதி எடுத்து மாத எண்ணை மட்டும் மாற்றுவது சிலருக்குத் தோன்றும் வழி. வேண்டாம். 2012-இல் வந்த 4.6-ஆம் பதிப்பிலிருந்து க்னூபிளாட்டில் 'டூ ஃபார்' என்ற சுழற்சிக் கட்டளை இருக்கிறது. மாதங்களின் பட்டியலை ஒரே வரியில் கொடுத்து, "இதில் உள்ள ஒவ்வொன்றுக்கும் பின்வருவதைச் செய்" என்று சொல்லிவிடலாம். அடைப்புக்குள் நாம் மேலே எழுதிய அதே வரிகள். மாதம் வர வேண்டிய இடத்தில் மட்டும் மாறியின் பெயர் (ஒவ்வொரு சுற்றிலும் வேறு மதிப்பை ஏற்கும் பெயர்தான் மாறி).

அந்த மாறி கோப்புப் பெயரில் மட்டும் வந்தால் போதாது. தலைப்பிலும் வர வேண்டும். கோப்பின் பெயர் ஏப்ரல், படத்தின் மேலே தலைப்பு மார்ச் என்று வந்த படங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே எண்ணை இரண்டு இடத்தில் கையால் எழுதாமல், ஓர் இடத்தில் எழுதி மற்ற இடங்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி அமைப்பதுதான் இதற்கு மருந்து.

கோப்புப் பெயரில் ஆண்டு முதலில், அப்புறம் இரண்டு இலக்கத்தில் மாதம்: 2024-03. இப்படி வைத்தால் கோப்புறையில் தானாகவே கால வரிசையில் அடுக்கி நிற்கும். "மார்ச்", "ஏப்ரல்" என்று பெயர் வைத்தால் அகர வரிசையில் ஏப்ரல்தான் முதலில் வரும்.

தொடங்குகிறவர்கள் தடுக்கி விழும் இரண்டு இடங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுழற்சி முடிந்ததும் 'அன்செட் அவுட்புட்' என்று ஒரு வரி போட்டு வெளியீட்டை மூட வேண்டும். க்னூபிளாட்டைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்பவர்களுக்கு, இது இல்லாவிட்டால் கடைசிப் படம் பாதியில் நிற்கும், அல்லது காலியாக இருக்கும். அடுத்து, விண்டோஸில் கோப்புறைப் பாதையை இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் பின்சாய்கோட்டை க்னூபிளாட் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளும். ஒற்றை மேற்கோள் போடுங்கள், அல்லது முன்சாய்கோட்டைப் பயன்படுத்துங்கள்.

அச்சை மென்பொருளிடம் விடாதீர்கள்

நிலைக்குத்து அச்சு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், மென்பொருள் தரவைப் பார்த்துத் தானே முடிவு செய்யும். ஒரே ஒரு படம் என்றால் இது வசதிதான். 108 படம் என்றால் ஆபத்து. பேராக் போன்ற மேற்குக் கரை மாநிலங்களில் மழை ஆண்டுக்கு இரண்டு முறை ஏறும். ஏப்ரல், மே வாக்கில் ஒரு முறை. அக்டோபர், நவம்பரில் அதைவிடப் பெரிதாக இன்னொரு முறை. ஜூன், ஜூலை மாதங்கள் ஒப்பளவில் வறண்டவை. ஜூலையில் அதிகபட்சம் 25 மில்லிமீட்டர், நவம்பரில் 110 என்று வைத்துக்கொள்வோம். அச்சை மென்பொருளிடம் விட்டால் இரண்டு படத்திலும் உயரமான பட்டை ஏறக்குறைய மேல் விளிம்பைத் தொடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு ஜூலையும் நவம்பரும் ஒன்று போலத் தோன்றும். அச்சில் உள்ள எண்ணை யாரும் அவ்வளவு கவனமாகப் படிப்பதில்லை, கண் உயரத்தைத்தான் பார்க்கும்.

ஆகவே எல்லாப் படத்துக்கும் ஒரே அச்சு. அதற்கு மேல் எல்லை என்ன என்று எப்படித் தெரியும்? அதையும் கணினியே கண்டுபிடிக்கட்டும். 'ஸ்டாட்ஸ்' என்ற கட்டளை ஒரு நெடுவரிசையின் சிறுமம், பெருமம், சராசரி எல்லாவற்றையும் கணக்கிட்டுத் தரும். முதல் சுற்றில் எல்லாக் கோப்புகளையும் ஸ்டாட்ஸ் கொண்டு பார்த்து, எல்லாவற்றிலும் பெரிய எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டாவது சுற்றில் அந்த எண்ணை அச்சின் மேல் எல்லையாக வைத்து வரையச் சொல்லுங்கள். கவனம்: கிடை அச்சு தேதி என்று அறிவித்த பிறகு ஸ்டாட்ஸ் வேலை செய்யாது, மறுத்துவிடும். அதனால் முதல் சுற்றை முடித்துவிட்டுத்தான் தேதி அறிவிப்பு வரியை எழுத வேண்டும்.

அடி எல்லையும் அதே அளவு முக்கியம். எல் நினோ வறட்சிக்குப் பிறகு நம் நாட்டின் கச்சாச் செம்பனை எண்ணெய் உற்பத்தி 2015-இல் இருந்த 19.96 மில்லியன் டன்னிலிருந்து 2016-இல் 17.32 மில்லியன் டன்னாக இறங்கியது. சுமார் 13 விழுக்காட்டுச் சரிவு. தொழிலுக்கு இது பெரிய அடிதான். ஆனால் இதே இரண்டு எண்களைப் பட்டையாக வரைந்து, அடியை 17-இல் தொடங்கினால் என்ன தெரியும்? முதல் பட்டையின் உயரம் 2.96, இரண்டாவதன் உயரம் 0.32. உற்பத்தி ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது போலத் தெரியும்! எண் பொய் சொல்லவில்லை, படம் சொல்கிறது. பட்டையின் நீளம்தான் அளவு என்பதால் பட்டை வரைபடம் எப்போதும் சுழியில் தொடங்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. கோட்டு வரைபடத்தில் கண் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது. அங்கே சுழி கட்டாயமில்லை, ஆனால் அச்சின் எண்கள் தெளிவாக இருக்க வேண்டும்.

தோற்றத்துக்கு ஒரு தனிக் கோப்பு

எழுத்துரு, எழுத்தளவு, நிறம், கோட்டுத் தடிமன், பின்புலக் கட்டம் இவற்றையெல்லாம் வரையும் கோப்பிலேயே எழுதாமல் தனியாக ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு, 'லோட்' என்ற கட்டளையால் அழைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு ஒன்று, செம்பனைக் குலை எடைக்கு ஒன்று என்று கட்டளைக் கோப்புகள் பெருகினாலும் தோற்றம் ஒரே கையால் வரைந்தது போல இருக்கும். அறிக்கைக்கு ஒரு தோற்றக் கோப்பு, புரொஜெக்டரில் காட்ட இன்னொன்று என்றும் வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் தலைப்பு வேண்டுமானால் முதல் வரியில் நான் காட்டிய பிஎன்ஜிகெய்ரோவையே தேர்ந்தெடுங்கள். அது எழுத்தை அடுக்கும் வேலையைப் பேங்கோ என்ற நிரலகத்திடம் விடுகிறது. கொம்பும் புள்ளியும் உரிய இடத்தில் உட்காரும். வெறும் பிஎன்ஜி என்று போட்டால் "மொத்தம்" என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறி வரக்கூடும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருவின் பெயரையும் தோற்றக் கோப்பில் எழுதிவிடுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். நாம் வரையும் படம் கடைசியில் பள்ளியிலோ தோட்ட அலுவலகத்திலோ கறுப்பு வெள்ளையில் நகலெடுக்கப்படும். அப்போது சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல். எனவே நிறத்தை மட்டும் நம்பாமல் ஒரு கோடு முழுக்கோடு, ஒன்று புள்ளிக்கோடு, ஒன்று விட்டுவிட்டு வரும் கோடு என்று வேறுபடுத்துங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கும் வேறுபாடு தெரியும் ஒரு நிற வரிசை க்னூபிளாட் 5-இல் 'போடோ' என்ற பெயரில் இருக்கிறது. ஒரே வரியில் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

குறிவிளக்கப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டைகளை மறைக்காத மூலையில் வையுங்கள், அவ்வளவுதான்.

மழைக்கும் குலைக்கும் உள்ள இடைவெளி

கட்டளையால் வரைவதன் முழுப் பலம் தெரிவது இந்த மாதிரிக் கேள்விகளில்தான். "மழை குறைந்தால் செம்பனை விளைச்சல் குறையுமா?" என்பது தோட்டத்து மாணவர்களுக்குப் பிடித்த ஆய்வுத் தலைப்பு. மாத மழையையும் அதே மாதக் குலை எடையையும் ஒரே படத்தில் போடுவார்கள். எந்த உறவும் தெரியாது. "சம்பந்தமில்லை" என்று முடிவு எழுதிவிடுவார்கள்.

செம்பனையின் இயல்பு அப்படியில்லை. மகரந்தம் சேர்ந்து குலை பழுக்கவே ஐந்தாறு மாதம் ஆகும். அதற்கும் முன்னால், வரப்போகும் பூங்கொத்து ஆண் பூவா பெண் பூவா என்பது அறுவடைக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. வறட்சிக் காலத்தில் ஆண் பூ கூடும், குலையாகும் பெண் பூ குறையும். இளம் பூங்கொத்துகள் கருகிப்போவதும் உண்டு. ஆக, இன்றைய வறட்சியின் கணக்கு அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும்தான் குலைகளை லாரியோடு நிறுக்கும் எடைப் பாலத்தில் தெரியும்.

இதைப் படத்தில் பார்க்க மழையை மட்டும் 6, 12, 18, 24 மாதம் முன்னுக்கு நகர்த்தி, குலை எடையோடு சேர்த்து வரைய வேண்டும். எக்செல்லில் நெடுவரிசையை வெட்டி ஒட்டி நகர்த்துவது அலுப்பு. எங்காவது ஒரு வரிசை பிசகினால் தெரியவும் தெரியாது. க்னூபிளாட்டில் சுழிய நெடுவரிசை என்று ஒன்று உண்டு. கோப்பில் இருக்காது, வரிசை எண்ணை அதுவே எண்ணித் தரும். மாதம் ஒரு வரி என்று விடுபடாமல் இருக்கும் கோப்பில், அந்த எண்ணோடு 12-ஐக் கூட்டினால் மழை 12 மாதம் முன்னுக்கு நகர்ந்துவிடும். நாலு இடைவெளிக்கும் ஒரு சுழற்சி. 'மல்டிபிளாட்' போட்டால் நாலு படமும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. மழைக்கு இடப்பக்க அச்சு, குலைக்கு வலப்பக்க அச்சு என்று இரண்டு அளவுகள் வரும்போது, ஒன்றை இழுத்தும் ஒன்றைச் சுருக்கியும் எந்த இரண்டு கோட்டையும் ஒத்துப்போக வைக்கலாம். நாலு படத்துக்கும் அச்சுகள் ஒன்றாகவே இருக்கட்டும். அடுத்து, கணினி சலிக்காது என்பதற்காக ஒன்றிலிருந்து 36 மாதம் வரை எல்லா இடைவெளியையும் வரைந்து பார்த்து, எது அழகாகப் பொருந்துகிறதோ அதை மட்டும் அறிக்கையில் வைக்கக் கூடாது. அத்தனை முயற்சியில் ஏதாவது ஒன்று தற்செயலாகவே பொருந்திவிடும். எந்த இடைவெளி, என்ன காரணத்துக்காக என்று முதலில் எழுதுங்கள், அப்புறம் வரையுங்கள். வரைந்த எல்லாவற்றையும் காட்டுங்கள். கட்டளைக் கோப்பைப் பின்னிணைப்பாகச் சேர்த்தால் ஆசிரியருக்கே விளங்கிவிடும்.

மாதா மாதம் தானாக ஓட

இது எளிது. விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலர், லினக்ஸில் கிரான். மாதம் பிறந்து இரண்டாம் நாள் காலை க்னூபிளாட் இந்தக் கட்டளைக் கோப்பை ஓட்ட வேண்டும் என்று ஒரு முறை பதிந்துவிட்டால் போதும். எந்த மாதம் என்பதை ஓட்டும்போதே வெளியிலிருந்து கொடுக்கலாம். அதற்குக் கழித்தல் குறியோடு 'இ' என்ற தெரிவு இருக்கிறது. கிராணி மாதக் கடைசியில் எண்களைச் சிஎஸ்வி கோப்பில் ஏற்றி, உரிய கோப்புறையில் போட்டால் சரி.

அவர் கோப்பைப் போட மறந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் யோசித்து வையுங்கள். கோப்பு இல்லையென்றால் க்னூபிளாட் பிழைச் செய்தி சொல்லி நின்றுவிடும். சுழற்சியின் நடுவில் அப்படி நின்றால் அதற்குப் பின்னால் உள்ள எந்தப் படமும் வராது, போன மாதத்துப் பழைய படம் கோப்புறையில் அப்படியே இருக்கும். யாராவது அதையே அச்சடித்துப் பலகையில் ஒட்டிவிடுவார்கள். இதைத் தவிர்க்க, ஓட்டத் தொடங்கும்போதே பழைய படங்களை வேறு கோப்புறைக்கு நகர்த்திவிடுங்கள். 'செட் டைம்ஸ்டாம்ப்' என்ற வரியைத் தோற்றக் கோப்பில் சேருங்கள்; படம் வரைந்த நாளும் நேரமும் மூலையில் சின்ன எழுத்தில் வந்துவிடும். அதன் பக்கத்திலேயே தரவுக் கோப்பின் பெயரையும், எத்தனை நாள் அளவு விடுபட்டிருக்கிறது என்பதையும் அச்சடிக்கச் சொல்லுங்கள்.